ஒரு மண்டலம் கழித்து கேச்சியாவில்

ஃபிரிட்ஜைக் காலிசெய்து, பிளக்கைப் பிடுங்கி, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் பழக்கம் எனக்கு 2020-க்குப் பிறகுதான் வந்தது. அதோடு வேறு சில பழக்கங்களும் சேர்ந்துகொண்டன: மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கட்டிவிடுவது, ஒரு சாவியை எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிடுவது, வேலை ஒப்பந்தத்தையும் பட்டச் சான்றிதழையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது. விடுமுறைக்குப் போகிறவன் செய்யும் காரியங்களாக இவை தெரியவில்லை. குடி பெயர்கிறவன் செய்வனபோல் இருக்கின்றன என்று என் மனைவி ஒவ்வொரு முறையும் சொல்வதுண்டு. இந்த ஆண்டும் ஜனவரி 10 அன்று அப்படித்தான் கிளம்பிப் போனேன். பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை மதியம் திரும்பி வந்தேன். கணக்குப் பார்த்தால் 48 நாட்கள், சரியாக ஒரு மண்டலம். துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

நான் இருப்பது செஜியாங் மாகாணத்தில், ஷாவ்ஷிங் நகரத்தைச் சேர்ந்த கேச்சியாவ் மாவட்டத்தில். துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. ஆசியாவின் மிகப் பெரிய துணிச் சந்தைகளில் ஒன்று இங்குதான் இருக்கிறது. மாடி மாடியாக, கட்டடம் கட்டடமாக, சாம்பிள் துணிகள் தொங்கும் சிறு கடைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றைச் சுற்றி இந்திய வணிகர்களும், பாகிஸ்தானியரும், அரபு நாட்டவரும், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருபவர்களும் இருக்கிறார்கள். திருப்பூரில் பிறந்து, சாயத்தண்ணீரின் வாசனையில் வளர்ந்த எனக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லைதான். ஏற்றுமதிக்குப் போகும் துணியைச் சுருள் சுருளாக விரித்து, நூல் அறுந்த இடத்தையும், எண்ணெய்க் கறையையும், ஷேடு மாறியிருப்பதையும் குறித்துக் கொடுப்பது என் வேலை. அப்பா அங்கே செய்ததைத்தான் நான் இங்கே செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் அதைப் பேருந்தில் போய்ச் செய்தார்.

2020-ஐப் பற்றிச் சொல்லாமல் இந்தத் துண்டு விஷயம் புரியாது. அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு ஜனவரி 25 அன்று வந்தது. பொங்கலையும் அதையும் சேர்த்து மூன்று வார விடுமுறை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு கைப்பெட்டியுடன் ஜனவரி 9 அன்று ஊருக்குப் போனேன். 23-ஆம் தேதி வூஹான் நகரம் அடைக்கப்பட்டது. மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் குடியிருப்பு அனுமதி கையில் இருந்தாலும் வெளிநாட்டினர் உள்ளே வர முடியாது என்று சீனா அறிவித்தது. வேலைக்குத் திரும்பும் இந்தியர்களுக்கான விசா வழி மீண்டும் திறந்தது 2022 ஜூன் மாதத்தில்தான். நான் திரும்பியது அந்த ஆண்டு செப்டம்பரில், ஏழு நாள் விடுதித் தனிமைக்கும் மூன்று நாள் வீட்டுத் தனிமைக்கும் தயாராக. என் பழைய வீட்டில் அப்போது வேறொரு குடும்பம் இருந்தது. வீட்டு உரிமையாளர் என் பொருட்களையெல்லாம் நான்கு பின்னல் நைலான் சாக்குகளில் கட்டி, நிலவறைச் சேமிப்பறையில் வைத்திருந்தார். முதல் சாக்கைப் பிரித்ததும் கையில் வந்தது, ஊரிலிருந்து கொண்டுவந்து சமையலறையில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டி. கிளம்பிய அன்று காலையில் கிழித்திருந்தேன். ஜனவரி 9 மேலே இருந்தது. ஈரத்தில் ஊறிக் காய்ந்து, மீதித் தாள்கள் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தன. பிய்த்தால் கொத்துக் கொத்தாகத்தான் வந்தன.

அன்றிலிருந்து, நீண்ட விடுமுறை முடிந்து திரும்புகிற ஒவ்வொரு முறையும் நான் வேலைக்குத் திரும்புவதாக நினைப்பதில்லை. இந்த ஊர் என்னை இன்னும் வைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறேன். வீடு இருக்கிறதா, தொலைபேசி எண் இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, வாசல் காவலருக்கு என் முகம் நினைவிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் முதல் வாரம் அது.

இந்த முறை ஒரு கூடுதல் சிக்கலை நானே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். பாஸ்போர்ட் காலாவதியாகும் நேரம் நெருங்கியதால், ஊரில் இருந்தபோது கோயம்புத்தூரில் புதுப்பித்துக்கொண்டேன். அங்கே அது எளிதாக முடிந்த வேலை. ஆனால் சீனாவில் வாழும் வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட் எண் என்பது, ஊரில் ஆதார் எண்ணைப்போல, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஆணி. குடியிருப்பு அனுமதி, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, செய்தி அனுப்பவும் பணம் கட்டவும் பயன்படும் வீசாட் செயலி, பணம் கட்டும் அலிபே செயலி, ரயில் முன்பதிவு என அனைத்தும் அதில்தான் மாட்டப்பட்டிருக்கின்றன. அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு வேறு ஆணியை அடித்திருந்தேன். மாட்டியிருந்தவை எல்லாம் எங்கே விழும் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

கிளம்பும் நாளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளிக்குப் போன பிறகு கிளம்புவதுபோல் நேரத்தை அமைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். அம்மா மட்டும் வாசலில் நின்று, பெட்டியைத் தூக்கியபடி "சரிம்மா, போறேன்" என்று நான் வாய்தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். "போறேன்னு சொல்லாத கண்ணு, போயிட்டு வரேன்னு சொல்லு." திருத்திச் சொன்ன பிறகே நகர விட்டார். பெட்டிக்குள் அவர் வைத்ததில் பாதி பொடி வகைகள். பழம், காய்கறி, கீரை, விதை, பால் பொருட்கள் ஆகியவற்றைப் பயணிகள் சீனாவுக்குள் கொண்டுவரத் தடை இருப்பதால், பச்சைக் கறிவேப்பிலைக்கு வழியில்லை. அதை நிழலில் உலர்த்தி, உளுந்தும் மிளகாயும் சேர்த்துப் பொடியாக்கிவிட்டார். எள்ளுருண்டை ஒரு டப்பா நிறைய இருந்தது. நெய்யை மட்டும் நானே எடுத்து வெளியே வைத்தேன். நெய் பால் பொருளா, எண்ணெயா என்று சுங்க அதிகாரியிடம் நின்று வாதிட என் சீனமொழி போதாது.

கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஹாங்சோ என்பது என் வழி. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் இறுதியில் மீண்டும் தொடங்கியபோது நண்பர்கள் பலர் வாழ்த்துச் சொன்னார்கள். கொல்கத்தாவிலிருந்து குவாங்சோ போகும் விமானம் கொங்கு நாட்டுக்காரனுக்கு எந்த வகையில் குறுக்குவழி ஆகும் என்று அவர்களுக்கு விளக்க நான் முயலவில்லை. சிங்கப்பூர் எனக்கு வேறு காரணத்துக்காகப் பிடிக்கும். இந்தியாவில் 2020 ஜூன் மாதம் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. சீனாவிலோ வாட்ஸப் திறக்காது. கூகுளும் யூடியூபும் அப்படியே. ஆகவே ஊரில் இருக்கும்போது என் சீன வாழ்க்கை பையின் அடியில், அணைத்து வைத்த இன்னொரு கைப்பேசிக்குள் கிடக்கும். வாரம் ஒருமுறை சீன சிம்மின் ரோமிங்கை ஐந்து நிமிடம் திறந்து, வந்திருக்கும் செய்திகளை இறக்கிக்கொண்டு மூடிவிடுவேன். இங்கே வந்த பிறகு அதே நிலை ஊர்க் கைப்பேசிக்கு. சாங்கி விமான நிலையத்தின் நான்கு மணி நேரக் காத்திருப்பில் மட்டும், இலவச வைஃபையில், இரண்டும் ஒரே திரையில் திறக்கும். மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள் என்ற செய்தியும், சாயப்பட்டறையில் மூன்று நிறங்களின் சாம்பிள் தயார் என்ற செய்தியும் அடுத்தடுத்து வந்து விழும். கடிகாரத்தையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் ஒரே நேரம்தான், நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

ஹாங்சோவில் குடிநுழைவு அதிகாரி இளம் பெண். புதிய பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார், வெறும் பக்கங்கள். நான் பழையதை நீட்டினேன். ரத்து முத்திரை குத்தி, அட்டையின் மூலையைக் கத்தரித்துத் திருப்பித் தந்திருந்த அந்தப் புத்தகத்துக்குள்தான் உயிருள்ள குடியிருப்பு அனுமதி ஒட்டப்பட்டிருந்தது. அவர் கத்தரித்த மூலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டையும் அருகருகே விரித்து வைத்து, புதியதன் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்த பழைய எண்ணைப் படித்து, படத்தையும் முகத்தையும் நான்கு முறை ஒப்பிட்டு, பிறகு முத்திரை குத்தினார். "பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். அனுமதியில் உள்ள விவரம் எதுவும் மாறினால் பத்து நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். தலையாட்டினேன். 2022-இல் இதே இடத்தில் வெள்ளை உடுப்புக்குள் கண்ணாடி மட்டும் தெரிந்த ஒருவர் என்னைக் கைகாட்டிப் பேருந்தில் ஏற்றியது நினைவுக்கு வந்தது. இப்போது கைகாட்ட யாரும் இல்லை. நானே நடந்து வெளியே வந்தேன்.

பழைய ஆணியில் மாட்டியிருந்தவற்றில் முதலாவது விழுந்தது டாக்சியில். கேச்சியாவ் வந்து சேர்ந்து, ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் தொங்கிய கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தபோது, வங்கி அட்டையிலிருந்து பணம் எடுக்க இயலவில்லை என்று வீசாட் சொன்னது. அடையாள ஆவணத்தின் காலம் முடிந்ததால் கணக்கின் இணையப் பரிமாற்றங்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன என்று வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி, நான் ரோமிங்கை மூடி வைத்திருந்த நாட்களில் எங்கோ தொங்கியிருந்து, அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. பழைய பாஸ்போர்ட் உறைக்குள் இதற்கென்றே 500 யுவானைப் பணத்தாள்களாக வைத்திருப்பேன். ஓட்டுநர் நான் நீட்டியதை வாங்கிக்கொண்டு, சில்லறைக்காகக் கதவு இடுக்கிலும் கையுறைப் பெட்டியிலும் தேடி, கடைசியில் பக்கத்து சிகரெட் கடைக்கு ஓடி மாற்றிவந்தார். பணத்தாளை மறுக்கக்கூடாது என்று இங்கே விதி உண்டு. சில்லறை வைத்திருக்கவேண்டும் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை.

குடியிருப்பு வளாகத்தின் வாசலில் காவலர் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். "ஹுய்லாய்லெ" என்றார். திரும்பி வந்தாயிற்றா என்று பொருள். ஜனவரியில் கிளம்பும்போது நான் அவரிடம் "ஹுய் யின்து" என்று சொல்லியிருந்தேன்: இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறேன். அந்த ஒரே "ஹுய்" இரண்டு பக்கமும் பொருந்துவது எனக்கு எப்போதுமே வசதியாக இருக்கிறது. தமிழில் இந்த வசதி இல்லை. ஊருக்குப் போவதா வருவதா, சீனாவுக்குப் போவதா வருவதா என்பதை யாரிடம், எங்கே நின்று சொல்கிறோம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா அதை இன்னும் கண்டிப்பாக்கிவிட்டார்: எந்தப் பயணமும் "வரேன்" என்றே முடிய வேண்டும்.

ஐந்தாவது மாடியில் கதவைத் திறந்ததும் வீட்டுக்குள் இருந்த குளிர் வெளியே இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. சீனா என்றால் வெண்பனி என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும், நான் இருக்கும் யாங்சி ஆற்றுக்குத் தெற்குப் பகுதியின் குளிர் வேறு மாதிரி. சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே இருக்கும் நகரங்களுக்குத்தான் பொது வெப்பக் குழாய்கள் உண்டு. அங்கே வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் பத்து இருந்தாலும் வீட்டுக்குள் பனியனோடு இருக்கலாம். தெற்கே அந்த ஏற்பாடு கிடையாது. மழைத் தூறலும் ஈரமும் சுவர் வழியாக ஊறி எலும்புக்குள் இறங்கும். 48 நாட்கள் பூட்டிக் கிடந்த அறையில் தலையணையைத் தொட்டால் யாரோ தண்ணீர் தெளித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஊரில் மாசி வெயிலுக்கு மின்விசிறியைப் போட்டுத் தூங்கி எழுந்த உடம்பு, இங்கே ஸ்வெட்டரோடு மெத்தை விளிம்பில் உட்கார்ந்தது. பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தால் வீட்டு வாசனை வரும் என்று தெரியும்.

உட்கார்ந்திருக்கவும் நேரமில்லை. விடுதியில் அல்லாமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிய பாஸ்போர்ட் என்பதால் பழைய பதிவு எனக்கு உதவாது. எங்கள் பகுதிக் காவல் நிலையம் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் நூடுல்ஸ் கடைக்கும் இடையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம், இரண்டு பாஸ்போர்ட்டுகள், நுழைவு முத்திரைப் பக்கம் எல்லாவற்றையும் கொடுத்தேன். பதிவு செய்தவர் என் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, திரையில் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். தமிழ்ப் பெயர்களுக்கு முதலெழுத்து போதும் என்று இருந்த காலத்தில் பிறந்து, பாஸ்போர்ட்டுக்காக அப்பா பெயரை முழுமையாக விரித்து எழுதியவர்கள் எல்லோரும் உலகெங்கும் சந்திக்கும் தடங்கல் இது. இருபது நிமிடத்தில் முத்திரையிட்ட தாள் கிடைத்தது. அடுத்த படிகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் முதல் படி.

சனிக்கிழமை வெயில் அடித்தது. இந்தப் பகுதியில் பல நாள் மழைக்குப் பிறகு ஒரு வெயில் நாள் வந்தால் என்ன நடக்கும் என்பதை இங்கே வந்து பார்த்தால்தான் நம்ப முடியும். எட்டு மணிக்குள் வளாகத்தில் உள்ள அத்தனை பால்கனிகளிலும், செடி வரிசைகளின் மேலும், உடற்பயிற்சிக் கம்பிகளின் மேலும், நிறுத்திவைத்த ஸ்கூட்டர்களின் மேலும் பஞ்சு ரஜாய்கள் ஏறிவிடும். பூப்போட்டவை, சிவப்புப் பட்டுபோல் மின்னும் கல்யாண ரஜாய்கள், குழந்தைகளுடையவை. நானும் என்னுடையதைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். எதிர்வீட்டு அம்மாள் ஏற்கெனவே இரண்டு மரங்களுக்கு இடையில் கயிறு கட்டி, பிரம்பால் தன் ரஜாயை அடித்துக்கொண்டிருந்தார். நடுத்தர வயதுப் பெண்களைச் சீனத்தில் "ஆயி" என்று அழைப்பார்கள். சிற்றன்னை, அத்தை என்பதுபோன்ற சொல். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாட்டியையும் ஆயி என்று கூப்பிடுபவர்கள் உண்டு என்பதால், முதல் நாளிலிருந்தே என் வாயில் எளிதில் ஏறிய சீனச் சொல் அதுதான். ஆயி தன் கயிற்றில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். சாவியையும் கொடுத்தார். வாரம் ஒருமுறை சன்னலைத் திறந்து வைத்ததாகச் சொன்னார். பிறகு, எத்தனை நாள் போயிருந்தாய் என்று கேட்டார். சொன்னேன். பிரம்பை நிறுத்திவிட்டு, "நான் மூன்று வருடமாகப் போகவில்லை" என்றார்.

ஆயி இந்த ஊர்க்காரர் அல்ல. ஆன்ஹுய் மாகாணத்தில் ஒரு கிராமம் அவருக்கு. மகனும் மருமகளும் சாயப்பட்டறையில் வேலை செய்வதால் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர். காவலர் கூட ஜியாங்சி மாகாணத்திலிருந்து வந்தவர். இந்த வளாகத்தில் வெளிநாட்டவன் நான் ஒருவன் மட்டும்தான். ஆனால் வெளியூர்க்காரர்கள் ஏராளம், அவர்களுக்கு இங்கே "வாய்திரன்" என்றே ஒரு பெயர் உண்டு. புத்தாண்டை ஒட்டிய 40 நாள் பயணக் காலத்தில் நாடே இடம் மாறுகிறது. எங்களைப்போன்ற தொழில் நகரங்கள் காலியாகி, மெதுவாக மறுபடியும் நிரம்புகின்றன. இந்த ஆண்டு புத்தாண்டு பிப்ரவரி 17 அன்று வந்தது. அரசு விடுமுறை 23-ஆம் தேதியோடு முடிந்தும், நான் வந்த வார இறுதியில் சந்தையில் பாதிக் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியே இருந்தன. பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா முடிந்தால்தான் எல்லோரும் வருவார்கள் என்பது இங்கே சட்டம் போடாத சட்டம். சாலையோரக் கம்பங்களில் ஆள் தேவை என்ற சிவப்புத் தாள்கள்: தறிக்கு, சாயத்துக்கு, பொதி கட்டுவதற்கு. முதலாளிகள் முகத்தில் இருந்த கவலையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. தீபாவளி முடிந்த வாரத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி வாசல்களில் பார்த்ததுதான். தெற்கத்திப் பேருந்துகள் வந்துவிட்டனவா, ஒடிசா ரயில் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கும் அதே முகம். ரயில் நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர்களின் கைகளில் நைலான் சாக்குகள், எண்ணெய் கசியும் அட்டைப்பெட்டிகள், உப்பிட்டு உலர்த்திய இறைச்சித் துண்டங்கள். என் கறிவேப்பிலைப் பொடி அந்தக் கூட்டத்தில் ஒன்றும் விசேஷமானதல்ல.

திங்கட்கிழமையை வங்கியில் தொடங்க வேண்டும் என்பதை அனுபவம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. குடிநுழைவு அலுவலகத்துக்கு முதலில் போனால், குடியிருப்பு அனுமதியைப் புதிய பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருவதற்காக அதை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அது திரும்பி வர 15 நாட்கள் வரை ஆகலாம். அதுவரை வங்கியில் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. புதிதாகச் சீனாவுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் ஒரே புத்திமதி இந்த வரிசைதான்: காவல் நிலையம், வங்கி, சிம் கடை, கடைசியாகக் குடிநுழைவு அலுவலகம்.

வங்கிக் கிளையில் என் எண் வந்ததும், கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் என் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். இதற்கும் ஒரு கதை உண்டு. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருப்பதால், கணக்குத் தொடங்கியபோது வங்கி அதை முன்னால் போட்டது. சிம் கடைக்காரர்கள் என் பெயரை முன்னால் போட்டார்கள். ஆக, கணினிக்கு நாங்கள் இரண்டு பேர். பவானிக்கு அந்தப் பக்கம் வேலை நிமித்தம் போனதே அரிதாக இருந்த என் அப்பாவுக்கு, அவர் காலமாகி ஏழு ஆண்டுகள் கழித்தும், ஷாவ்ஷிங்கில் ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது. வழக்கமாக இது சிரிப்புக்குரிய விஷயம். அன்று இல்லை. பெயர், ஆவண எண், கைப்பேசி எண் மூன்றும் வங்கியிலும் தொலைபேசி நிறுவனத்திலும் ஒன்றாக இருந்தால்தான் வீசாட் அட்டையை மறுபடி இணைக்கும். எனக்கு மூன்றில் இரண்டு தகராறு. பழையதும் புதியதுமான பாஸ்போர்ட்டுகளை வைத்து நாங்கள் இருவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டியிருந்தது.

அதைச் சொல்ல வேண்டிய வாய் இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை. 48 நாட்கள் சீனம் பேசாமல் இருந்தால் சொற்கள் மறப்பதில்லை, தொனிதான் முதலில் நழுவுகிறது. சந்தையில் "மாய்" என்பதைக் குரலை இறக்கி ஏற்றிச் சொன்னால் வாங்குவது. சட்டென்று கீழே இறக்கினால் விற்பது. துணி வாங்க வந்தவன் விற்க வந்தவனாக மாறுவதற்கு அவ்வளவு போதும், ஞாயிறன்று அப்படி ஒரு கடையில் நடந்தும் போயிற்று. வங்கியில் நான் "எண் மாறிவிட்டது, ஆள் மாறவில்லை" என்று சொல்ல விரும்பினேன். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் இன்னொரு ஊழியரைக் கூப்பிட்டார், அவர் மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் இரண்டு புத்தகங்களையும் நகலெடுத்து, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லி, ஏழு இடங்களில் கையொப்பம் வாங்கினார். கோபமாக யாரும் பேசவில்லை. ஒரு கட்டத்தில் எனக்கு வெந்நீர் கூடக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து என் கைப்பேசி அதிர்ந்தது. சிம் கடையில் பெயர் வரிசையை மாற்றிக்கொண்டபின், வெளியே வந்து சோதனைக்காக ஒரு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கினேன். தள்ளுவண்டியின் சிறிய ஒலிபெருக்கி, எட்டு யுவான் வந்துவிட்டது என்று அறிவித்தது. மாலைக்குள் குடிநுழைவு அலுவலகத்தில் 200 யுவான் கட்டணத்தையும் கட்டி வேலை முடிந்து, பாஸ்போர்ட்டுக்குப் பதில் ரசீதோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று இரவுதான் பெட்டியைப் பிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை, மார்ச் 3, விளக்குத் திருவிழா. அது பௌர்ணமி நாளில் வரும் பண்டிகை; இந்த முறை அந்தப் பௌர்ணமியிலேயே முழுச் சந்திர கிரகணமும் வந்தது. மாலையில் ஊர் சிம்மின் ரோமிங் வழியாக அம்மா அழைத்து, கிரகணம் விடுகிற வரை பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். அங்கே 6:47-க்கு விடும், இங்கே 9:17. ஏழு மணிக்கு ஆயி கதவைத் தட்டினார். கையில் ஆவி பறக்கும் கிண்ணம், அதில் ஆறு தாங்யுவான்: ஒட்டும் அரிசி மாவில் உருட்டி, உள்ளே கருப்பு எள்ளும் சர்க்கரையும் வைத்து வெந்நீரில் வேகவைத்த உருண்டைகள். ஆறினால் ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடும் என்று சொல்லி, நான் சாப்பிடுவதைப் பார்க்க நின்றார். கிரகணம் என்பதற்குச் சீனத்தில் "யுவெஷி", நிலவு தின்னப்படுதல். சன்னலைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னேன். இந்த முறை தொனி சரியாக வந்திருக்க வேண்டும்; அவர் உடனே சிரித்தார். வானத்து நாய் தின்கிறது என்றார், சிறு வயதில் கிராமத்தில் எல்லோரும் வெளியே வந்து தட்டும் பானையும் அடித்து அதை விரட்டியதைக் கையால் நடித்துக் காட்டினார். எங்கள் ஊரில் அது பாம்பு என்றேன். நாயா, பாம்பா என்று சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அது தின்கிறபோது நீயும் தின்" என்று கரண்டியை நீட்டினார்.

நான்கு தின்றேன். சன்னலுக்கு வெளியே மேகத்துக்கு நடுவில் செம்பு நிறத்தில் ஒரு துண்டு நிலவு தெரிந்தது, மறைந்தது.

ஒன்பதே கால் தாண்டியதும் அம்மா மறுபடியும் அழைத்தார். கிரகணம் விட்டுவிட்டது, குளித்துவிட்டுச் சாப்பிடு கண்ணு என்றார். சரி என்றேன். மீதி இரண்டு உருண்டைகளையும் சாப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவித் துடைத்தேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாததால், டப்பாவிலிருந்து ஆறு எள்ளுருண்டைகளை எண்ணிப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.